எழுதாத சுரங்கள்

சேர்வராயன் மலையில் உள்ள கரடியூரிலிருந்து எங்கள் கல்லூரிக்கு வரும் மாணவன் ஒருவன், ஒரு நாள் வகுப்பு முடிந்ததும் நான்காக மடித்த தாள் ஒன்றை என் மேசைமேல் விரித்தான். தாளில் மேலைநாட்டு ஐங்கோட்டுக் குறியீட்டில் ஒரே ஒரு வரிசை மெட்டு. அதற்கு மேலே அங்கங்கே சில ஆங்கில எழுத்துகளும் எண்களும். முழுப் பாட்டும் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிட்டது. "இந்தத் தாளை வைத்துக்கொண்டு அவர்கள் பத்து நிமிஷம் வாசிக்கிறார்கள் சார். நான் வாசித்தால் ஒரு நிமிஷத்தில் தீர்ந்துபோகிறது. மீதி எங்கே சார் இருக்கிறது?" என்று கேட்டான்.

ஜாஸ் இசைக்காரர்கள் 'லீட் ஷீட்' என்று சொல்லும் தாள் அது. பையன் காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் வேலை செய்து சேர்த்த பணத்தில் 61 கட்டைகள் கொண்ட மின்னணுக் கீபோர்டு ஒன்று வாங்கியிருந்தான். ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டில் பாட்டுகளுக்கு வாசிப்பவன். கைப்பேசியில் ஜாஸ் பியானோவைக் கேட்டு அதில் மனம் போய், ஓராண்டு தனியே முயன்று பார்த்துவிட்டு, இது பிறவியிலேயே வர வேண்டிய வித்தை என்ற முடிவுக்கு வந்திருந்தான். கீபோர்டை விற்றுவிடலாம் என்று சேலத்தில் விலைகூடக் கேட்டுவிட்டானாம்.

நான் பௌதிகம் சொல்லிக்கொடுப்பவன். சிறு வயதில் கொஞ்சம் ஆர்மோனியம் பழகியதைத் தவிர எனக்கு வேறு இசைத் தகுதி கிடையாது. ஆனால் 'மீதி எங்கே?' என்ற கேள்வியில் பாதி பௌதிகக் கேள்விதான் என்பது அந்தத் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்ததும் புரிந்தது. அந்தப் பாதியை இங்கே பார்ப்போம்.

எழுதியதைவிட எழுதாதது அதிகம் என்பது நமக்குப் புதிதல்ல. கர்நாடக இசையில் ஒரு கீர்த்தனையின் சுரக்குறிப்பைப் புத்தகத்தில் பார்த்து அப்படியே ஆர்மோனியத்தில் தட்டினால் என்ன வரும்? எலும்புக்கூடு வரும். கமகமும் சங்கதியும் குருவின் வாயிலிருந்து வரவேண்டும். கமகங்களுக்கெல்லாம் தனித்தனிக் குறியீடு கொடுத்து எழுதிவிடவேண்டும் என்று சுப்பராம தீட்சிதர் பெருமுயற்சி செய்தார். எட்டயபுரத்தில் 1904-ல் அச்சான 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' அதன் பயன். இதற்கு நேர்மாறாக, இளையராஜா தம் பாடல்களுக்கு ஒவ்வொரு வாத்தியமும் வாசிக்க வேண்டிய சுரத்தை ஐங்கோட்டில் முழுக்க எழுதிக் கொடுப்பவர். வயலின்காரர் அதில் ஒரு சுரத்தையும் கூட்டவோ குறைக்கவோ வேண்டியதில்லை. லீட் ஷீட் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. மெட்டு இன்னது, அதன் அடியில் நிற்க வேண்டிய சுரக்கூட்டம் இன்னது என்பதோடு அது நிறுத்திக்கொள்ளும். நம் ஊர் மெல்லிசைக் குழுக்களில் கீபோர்டு வாசிப்பவர் பாட்டு வரிகளுக்கு மேலே 'கார்டு' எழுதி வைத்துக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். அதற்கும் இதற்கும் உறவு மிக நெருக்கம்.

அமெரிக்காவிலும் இது மேதைகளுக்காகப் பிறந்ததல்ல, பிழைப்புக்காகப் பிறந்தது. விடுதிகளிலும் திருமணங்களிலும் வாசிப்பவர்களிடம் யார் எந்தப் பாட்டைக் கேட்பார்கள் என்று சொல்ல முடியாது. 1942-லிருந்து வெளிவந்த 'டியூன் டெக்ஸ்' என்ற அட்டைகளில் ஒரு பாட்டின் மெட்டும் கார்டுகளும் சிறிய அளவில் அச்சாகியிருந்தன. அவற்றைப் படமெடுத்துக் கட்டிய திருட்டுப் புத்தகங்கள் பின்னர் கைமாறின. 1970-களின் நடுவில் பாஸ்டன் நகரத்துப் பெர்க்லி இசைக் கல்லூரி மாணவர்கள் கையால் எழுதித் தொகுத்த 'ரியல் புக்' என்னும் புத்தகமும் உரிமை பெறாத சரக்குத்தான். முறையாக உரிமை பெற்ற பதிப்பு 2004-ல்தான் வந்தது. உலகத்து ஜாஸ் மாணவர்கள் பெரும்பாலோரின் பாடநூல் முப்பது ஆண்டுகள் மேசைக்கு அடியிலேயே விற்றது என்பது வேடிக்கைதான்.

சரி, தாளுக்கு வருவோம். கார்டு என்பது ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரக்கூட்டம். 'சி' என்ற எழுத்து நம் ஒரு கட்டைச் சுருதியைக் குறிக்கும். அதைச் சட்சமாகக் கொண்டு சங்கராபரணத்தின் ஏழு சுரங்களை நிறுத்தினால் வெள்ளைக் கட்டைகள் முழுவதும் வந்துவிடும். ஒரு சுரத்தில் தொடங்கி ஒன்றுவிட்டு ஒன்றாக நான்கு கட்டைகளை அழுத்துங்கள். ச, க, ப, நி என்று அழுத்தினால் அது 'சி மேஜர் செவன்'. ரி, ம, த, ச என்றால் 'டி மைனர் செவன்'. ப, நி, ரி, ம என்றால் 'ஜி செவன்'. முதல் எழுத்து அடிச்சுரத்தைச் சொல்லும். 'மைனர்' என்ற சொல் அடிச்சுரத்திலிருந்து மூன்றாவது சுரம் அரைப்படி தாழ்ந்திருப்பதைச் சொல்லும். 'செவன்', 'மேஜர் செவன்' என்பவை ஏழாவது சுரம் எந்த வகை என்று சொல்லும். இதற்குமேல் இலக்கணம் இருக்கிறது. ஆனால் பாதிப் பாட்டுகளுக்கு இது போதும்.

நம் மாணவன் இதையெல்லாம் அறிந்திருந்தான். அவன் செய்த தவறு, சொன்ன நான்கு சுரங்களையும் கீழிருந்து மேலாக, இடக்கைப் பக்கத்தின் கடைசிக் கட்டைகளில் விடாமல் அழுத்தியதுதான். விளைவு, ஒரு கார்டிலிருந்து அடுத்த கார்டுக்குக் கை தவளைபோல் தாவியது. ஒலியோ உறுமலாக இருந்தது. இரண்டுக்கும் மருந்து ஒன்றே: பாதியை விட்டுவிடுவது. எந்தப் பாதியை?

சுரமானிச் சோதனையை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். ஒரு தந்தியை மீட்டும்போது அதன் அடிப்படை அதிர்வெண் மட்டும் எழுவதில்லை. அதன் இருமடங்கு, மும்மடங்கு, நான்மடங்கு என்று சீரிசைகளும் சேர்ந்தே எழுகின்றன. பியானோவில் தாழ்ந்த 'ஜி' ஒன்றின் அதிர்வெண் 98 ஹெர்ட்ஸ். அதன் மூன்றாம் சீரிசை 294 ஹெர்ட்ஸ். இப்போது நடு ஸ்தாயி 'டி' கட்டையின் அதிர்வெண்ணைப் பாருங்கள்: 293.7 ஹெர்ட்ஸ். வேறுபாடு அரை ஹெர்ட்ஸ்கூட இல்லை. அதாவது, ஜி செவன் கார்டின் ஐந்தாவது சுரமான 'டி', நாம் தொடாமலேயே ஜி-க்குள் ஒலித்துக்கொண்டிருக்கிறது! தம்புராவில் சட்சத் தந்தியை மட்டும் மீட்டினாலும் பஞ்சமம் காதில் விழுவதன் காரணமும் இதுவே. ஆகவே ஐந்தாவது சுரத்தை விடலாம். (கார்டின் பெயரிலேயே 'ஃப்ளாட் ஃபைவ்' என்று ஐந்தாவதைத் தாழ்த்தச் சொல்லியிருந்தால் மட்டும் விடக்கூடாது. அந்தச் சுரம் இயற்கையாக எழாது, நாம்தான் வைக்கவேண்டும்.)

அடிச்சுரத்தையும் விடலாம். குழுவில் பாஸ் வாத்தியக்காரர் அதைத்தான் வாசித்துக்கொண்டிருப்பார்.

எஞ்சுவன மூன்றாவதும் ஏழாவதும். இவற்றை விட முடியாது. மேஜரா மைனரா என்பதை மூன்றாவது சுரமும், எந்த வகைச் செவன் என்பதை ஏழாவது சுரமும் முடிவு செய்கின்றன. அடிச்சுரத்திலிருந்து ஊகிக்கமுடியாத செய்தி இந்த இரண்டில்தான் இருக்கிறது. 2013-ல் நம் நாட்டில் தந்திச் சேவை நிறுத்தப்படும்வரை, சொல்லுக்கு இவ்வளவு காசு என்று கட்டித்தான் தந்தி கொடுத்தோம். 'அன்புள்ள', 'நலம் நலமறிய ஆவல்' என்பவற்றை யாரும் தந்தியில் எழுதியதில்லை; பெறுபவர் அவற்றைத் தாமே போட்டுக்கொள்வார். ஊகிக்கக்கூடியதில் செய்தி குறைவு என்பதைக் கணிதமாக்கி 1948-ல் தகவல் கொள்கையை வகுத்தவர் ஷானன். ஜாஸ் பியானோக்காரர்கள் கணிதம் போடாமலேயே அந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தார்கள்.

இனி வேடிக்கையைப் பாருங்கள். ஜாஸ் பாட்டுகளில் மீண்டும் மீண்டும் வரும் தொடர் டி மைனர் செவன், ஜி செவன், சி மேஜர் செவன். ஒவ்வொன்றிலும் மூன்றாவதையும் ஏழாவதையும் மட்டும் வைத்துக்கொள்வோம். முதலில் ம, ச. அடுத்து ம, நி. அதன்பின் க, நி. வீட்டில் ஆர்மோனியம் இருந்தால் இப்போதே வாசித்துப் பார்க்கலாம். முதல் மாற்றத்தில் மேல்விரல் மட்டும் அரைப்படி இறங்குகிறது. இரண்டாவதில் கீழ்விரல் மட்டும் அரைப்படி இறங்குகிறது. தவளைத் தாவல் எங்கே போயிற்று? கை இருந்த இடத்திலேயே இருக்கிறது.

இந்த மூன்று இணைகளின் அதிர்வெண் விகிதத்தையும் கணக்கிட்டேன். ம-ச 1.498, ம-நி 1.414, க-நி மறுபடியும் 1.498. முதலும் கடைசியும் ஏறக்குறைய 3:2 என்ற எளிய விகிதம். ஆகையால் காதுக்கு அமைதி. நடுவில் இருப்பது இரண்டின் வர்க்கமூலம்! எந்தச் சிறு முழு எண்களின் விகிதத்துக்கும் கட்டுப்படாத எண் அது. காது அங்கே நிலைகொள்ள மறுக்கிறது. எங்காவது போய்ச் சேரவேண்டும் என்று தவிக்கிறது. அமைதி, தவிப்பு, அமைதி. இதற்குக் காரணம் வெறும் விகிதம் மட்டுமல்ல, கேட்டுக் கேட்டுப் பழகிய பழக்கமும்தான் என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

இரண்டின் வர்க்கமூலம் என்றால் ஒரு ஸ்தாயியில் சரிபாதி. பன்னிரண்டு அரைப்படிகளில் ஆறு. எனவே ம-நி இணையைத் தலைகீழாக்கினாலும் அதே இடைவெளிதான். இதனால் ஒரு குறும்பு செய்யலாம். இதே இரண்டு விரல்களுக்கு அடியில் பாஸ்காரர் 'ஜி' வாசித்தால் அது ஜி செவன். அவர் 'டி ஃப்ளாட்' வாசித்துவிட்டால் இதே இரண்டு சுரங்களும் இடம் மாறி, மூன்றாவது ஏழாவதாகவும் ஏழாவது மூன்றாவதாகவும் ஆகி, டி ஃப்ளாட் செவன் கார்டாகிவிடும். தாளில் ஜி செவன் என்று இருக்கும் இடத்தில் ஜாஸ்காரர்கள் துணிந்து டி ஃப்ளாட் செவன் போடுவதன் ரகசியம் இதுதான். நம் மாணவன் இதைத்தான் 'பிறவி வித்தை' என்று நினைத்திருந்தான்.

உறுமலுக்கு வருவோம். 61 கட்டைக் கீபோர்டின் இடக்கோடியில் இருக்கும் சி கட்டைக்கு 65.4 ஹெர்ட்ஸ், அதற்கு மேலுள்ள ஈ கட்டைக்கு 82.4. வேறுபாடு 17. இரண்டு இசைக்கவைகளைச் சேர்த்து ஒலிக்கச் செய்தால் அதிர்வெண் வேறுபாட்டுக்குச் சமமாக விம்மல்கள் எழும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். வினாடிக்கு இரண்டு மூன்று விம்மல் என்றால் காது எண்ணும். பதினேழு என்றால் எண்ண முடியாது, கரகரப்பாகத் தோன்றும். சீரிசைகளும் தம்முள் மோதி இன்னும் குழப்பும். அதே சி-யையும் ஈ-யையும் நடு ஸ்தாயியில் வாசித்தால் 261.6-ம் 329.6-ம் ஆகும், வேறுபாடு 68. கரகரப்பு பெருமளவு தணிந்துவிடும். இதை முதலில் ஆராய்ந்து 1863-ல் நூலாக எழுதியவர் ஜெர்மானியப் பௌதிக அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ். ஆக, இடக்கை இரட்டைச் சுரங்களை நடு சி கட்டைக்கு அக்கம்பக்கத்தில்தான் வைக்கவேண்டும், கோடியில் அல்ல. "அங்கேதானே சார் இடக்கைக்கு இடம்?" என்றான். கீபோர்டு செய்தவர்கள் அப்படி எங்கேயும் எழுதிவைக்கவில்லை.

(மலையில் மரப் பியானோ வைத்திருப்பவர்களுக்கு வேறு தொல்லையும் உண்டு. மழைக்காலத்தில் ஒலிப்பலகை ஈரத்தை உறிஞ்சி உப்பும். தந்திகள் இறுகிச் சுருதி ஏறும். மின்னணுக் கீபோர்டில் அந்தக் கவலை இல்லை.)

தாளம் வேறு கதை. தாளில் எட்டுச் சிறு சுரங்கள் சமகால அளவில் எழுதப்பட்டிருக்கும். யாரும் சமமாக வாசிக்கமாட்டார்கள். முதலாவதை நீட்டி இரண்டாவதைக் குறுக்குவார்கள். நம் திஸ்ர நடையில் 'தகிட' என்று சொல்லிப் பாருங்கள். 'தகி' ஒரு சுரம், 'ட' அடுத்தது. இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கு. இதற்கு 'ஸ்விங்' என்று பெயர். ஆனால் இந்தக் கணக்கும் நிலையானதல்ல. ஜாஸ் மத்தளக்காரர்களின் பதிவுகளை அளந்து 2002-ல் வெளியான ஒரு சுவீடன் நாட்டு ஆய்வு, மெதுவான காலத்தில் விகிதம் மூன்றரைக்கு ஒன்றுவரை போவதையும், வேகம் கூடக்கூடச் சுரங்கள் சமமாகிவிடுவதையும் காட்டியது. இதைத் தாளில் எழுதத் தொடங்கினால் தாள் கறுத்துப்போகும். காதால்தான் வாங்கவேண்டும்.

காதால் வாங்குவதிலும் ஓர் எச்சரிக்கை. கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கி பாஸ் வாத்தியத்தின் அடிப்படை அதிர்வெண்களை ஏறக்குறைய வெளியிடுவதே இல்லை. காதுக்கருவி மாட்டிக் கேட்டால்தான் அடிச்சுரங்கள் எப்படி நடக்கின்றன என்று பிடிபடும். தாளும் சில நேரம் தவறாக இருக்கும். மாணவர்கள் அவசரமாக எழுதிய புத்தகம் அல்லவா! ஒலிப்பதிவில் இருப்பதுதான் மூலம். தாள் நினைவூட்டு மட்டும்.

தாளே அனேகமாக வெறுமையாக இருக்கும் பாட்டும் உண்டு. மைல்ஸ் டேவிஸ் குழு 1959-ல் பதிவு செய்த 'ஸோ வாட்' என்ற உருப்படியில் 32 பார்களுக்கும் சேர்த்து இரண்டே கார்டுகள். முதல் 16 பார் டி மைனர், அடுத்த 8 பார் அரைப்படி மேலே ஈ ஃப்ளாட் மைனர், கடைசி 8 மறுபடியும் டி மைனர். இங்கே விரல் இறங்கும் தந்திரத்துக்கு வேலை இல்லை. டி-யைச் சட்சமாக வைத்து வெள்ளைக் கட்டைகளை வாசித்தால் வருவது என்ன? நம் கரகரப்பிரியாவின் சுரங்கள்! கமகம் இல்லை, ராக பாவம் இல்லை, ஆனால் மேளம் அதுவே. அந்தப் பதிவில் பியானோ வாசித்த பில் எவன்ஸ், இடக்கையில் அடிச்சுரம் இல்லாமல் கார்டு பிடிப்பதைச் செம்மை செய்தவர்களில் ஒருவர்.

'ஐங்கோடு சரளமாகப் படிக்க வராவிட்டால் இதெல்லாம் முடியுமா?' என்று மாணவன் கேட்டபோது, டேவ் புருபெக் கதையைச் சொன்னேன். புருபெக் அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் இசை படித்தவர். ஐங்கோட்டைப் பார்த்து வாசிக்க அவருக்கு வராது என்பது கடைசியில்தான் தெரியவந்தது. பியானோ சொல்லிக்கொடுக்கப் போவதில்லை என்று வாக்குறுதி வாங்கிக்கொண்டு 1942-ல் பட்டம் கொடுத்தார்கள். அதே புருபெக்தான் 1958-ல் தம் நால்வர் குழுவுடன் நம் நாட்டுக்கு வந்து சென்னையிலும் வாசித்தார். சென்னையிலேயே வாழ்ந்து 2015-ல் மறைந்த மாதவ் சாரியைப் போன்ற ஜாஸ் பியானோக்காரர்களும் நம்மிடையே இருந்திருக்கிறார்கள். தொலைதூரத்துச் சரக்கு என்று ஒதுக்கவேண்டியதில்லை.

பழகும் முறை என்று நான் அவனுக்குச் சொன்னது மிகச் சிறிது. முதலில் மெட்டை வாயால் பாடு. இடக்கையில் அடிச்சுரம் ஒன்றை மட்டும் வை. அது தடையில்லாமல் வந்தபின் அடிச்சுரத்தை விட்டுவிட்டு மூன்றாவதையும் ஏழாவதையும் பிடி. பிறகு வலக்கையில் மெட்டு. மெட்டை நெருங்கியிருக்கும் சுரங்களால் சுற்றிச் சுற்றி அலங்கரிக்கத் தொடங்கு. பத்து நிமிஷம் வாசிக்கும் சரக்கு அங்கிருந்துதான் வருகிறது. ஒரே பாட்டைப் பன்னிரண்டு சுருதியிலும் மாற்றிப் பார். ஒரு மாதத்துக்கு ஒரு பாட்டுக்கு மேல் தொடாதே.

பாட்டும் நானே பொறுக்கிக் கொடுத்தேன். ஹங்கேரியில் பிறந்து பிரான்சில் வாழ்ந்த ஜோசஃப் கோஸ்மா 1945-ல் மெட்டமைத்த, 'ஆட்டம் லீவ்ஸ்' என்ற பெயரில் பரவிய பாட்டு. அதன் முதல் எட்டுப் பாரில் இரண்டு விரல்களும் மாற்றி மாற்றி இறங்குகின்றன. மேல்விரல் ஒரு படி, கீழ்விரல் ஒரு படி, மறுபடி மேல்விரல்... ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கும் பஸ்ஸில் ஓட்டுநர் இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் இடமும் வலமுமாகத் திருப்பிக்கொண்டே இறங்குவாரே, அதைப் போல. வளைவு எத்தனை இருந்தாலும் வண்டி போவது ஒரே திசையில்தான்: கீழே.

சென்ற மழையில் கரடியூர் போயிருந்தேன். முற்றத்து மூடுபனி கதவுவரை வந்து நின்றது. அவன் தங்கை இடக்கோடியில் உட்கார்ந்து ஒற்றை விரலால் அடிச்சுரங்களை வாசித்தாள். அவன் நடுவில் இரண்டு விரல்களை வைத்து, வலக்கையில் மெட்டைப் போட்டான். முதல் எட்டுப் பார் இறங்கி முடிந்தது. மறுபடி ஏறித் தொடங்கினார்கள். மூன்றாம் சுற்றில் அவன் மெட்டை விட்டு விலகி எங்கோ போய், சரியான இடத்தில் திரும்பி வந்து சேர்ந்தான். தங்கை சிரித்துவிட்டாள்.

வாசித்து முடித்ததும் தாளைக் காட்டினான். "இந்த பி செவனுக்குப் பக்கத்தில் ஃப்ளாட் நைன் என்று இன்னொன்று போட்டிருக்கிறதே, அது சி கட்டைதானே? அதை எந்த விரலில் சார் வைப்பது?"

இடக்கையின் சுண்டுவிரல் ஏ-யிலும் கட்டைவிரல் டி ஷார்ப்பிலும் இருந்தன. சி கட்டை இரண்டுக்கும் நடுவில் இருந்தது. "நடுவிரல் சும்மாதானே இருக்கிறது" என்றேன்.